இடிந்த கோயில் விமானத்தை 3டியில் எழுப்புவது எப்படி? பழைய வழிபாட்டுத் தலங்களின் தோற்றத்தை மீட்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஹம்பி விட்டலர் கோயிலின் கல் தேரை நேரில் பார்க்காதவர்கள்கூட 50 ரூபாய் நோட்டின் பின்பக்கத்தில் பார்த்திருப்பார்கள். மேல்பகுதி மொட்டையாக இருக்கும். 1856-ல் அலெக்சாண்டர் கிரீன்லா என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படத்தில் அதே தேரின் மேல் செங்கல்லால் கட்டிய ஒரு விமானம் (கருவறைக்கு மேல் கோபுரம்போல் எழும் பகுதி) நிற்கிறது. பிற்பாடு அதை அகற்றிவிட்டார்கள். அந்த விமானத்தை இன்று கணினியில் எழுப்ப வேண்டுமென்றால் முதன்மையான ஆதாரங்கள் இரண்டுதான்: பழைய படமும், கீழே இன்னும் அப்படியே நிற்கும் கல்லும்.

அது போதுமா என்றால், உருவத்துக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் எது படத்தில் இருந்தது, எது நாமாகச் சேர்த்தது என்பது பார்ப்பவருக்குத் தெரிய வேண்டும். அது தெரியாத மாடல் எவ்வளவு அழகாக இருந்தாலும் கற்பனைச் சித்திரம்தான். பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று சொல்லித்தர வீடியோக்கள் ஏராளம். அவை சொல்லாமல் விடுகிற வேலையைப் பற்றித்தான் இங்கே அதிகம் பேசப்போகிறேன்.

படி 1: எந்த ஆண்டு?

'பழைய தோற்றம்' என்று ஒன்றே ஒன்று இருப்பதில்லை. லண்டனின் பழைய செயின்ட் பால் பேராலயம் 1666 பெருந்தீயில் அழிந்தது. ஆனால் அதன் ஊசிக்கோபுரம் 1561-லேயே மின்னல் தாக்கி எரிந்துபோயிருந்தது. 1630-களில் கட்டடக்கலைஞர் இனிகோ ஜோன்ஸ் மேற்கு முகப்பில் ரோமானியப் பாணித் தூண் மண்டபம் ஒன்றைச் சேர்த்தார். ஆக 1550-க்கு ஒரு மாடல், 1622-க்கு ஒன்று, 1650-க்கு ஒன்று. கவிஞரும் மதகுருவுமான ஜான் டன் 1622 நவம்பர் 5-க்காக எழுதிய பிரசங்கம் அந்த வளாகத்தில் கூடியவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகக் குழு ஒன்று மாடல் செய்து பார்த்தது. ஆண்டு முடிவானதும் ஊசிக்கோபுரமும் இல்லை, தூண் மண்டபமும் இல்லை என்பது தானாக முடிவாகிவிட்டது.

தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931-ல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அந்தச் சுவரை வண்ணத்தோடு காட்டப்போகிறவர் 11-ஆம் நூற்றாண்டையா, 17-ஆம் நூற்றாண்டையா என்று முதலிலேயே சொல்லியாக வேண்டும். பாரிஸின் நோத்ர தாம் பேராலயத்தில் 2019 ஏப்ரல் 15 அன்று எரிந்து விழுந்த ஊசிக்கோபுரத்தை இடைக்காலத்தது என்று பலர் நினைத்தார்கள். அது கட்டடக்கலைஞர் வியோலெ-ல-டியுக் வடிவமைத்து 1859-ல் நிறைவான கோபுரம்.

கட்டடம் உச்சத்தில் இருந்த காலத்தைத் தேர்ந்தெடுக்கத்தான் எல்லோருக்கும் ஆசை வரும். சான்று அதிகமாக இருக்கும் காலத்தைத் தேர்ந்தெடுங்கள். 'இன்ன ஆண்டு, இன்ன பகுதி மட்டும்' என்று ஒரே வரியில் எழுதி வைத்துக்கொண்டு, அந்த வரிக்குள் அடங்காததை மாடலுக்குள் விடாதீர்கள்.

படி 2: சான்றுகளைத் திரட்டி எண் கொடுங்கள்

ஒரு விரிதாள் திறந்துகொள்ளுங்கள். கிடைக்கிற ஒவ்வொரு படம், வரைபடம், கல்வெட்டு வரி, பயணக் குறிப்பு, அகழாய்வு அறிக்கைக்கும் ஓர் எண். யார், எப்போது, எங்கிருந்து, எந்த நோக்கத்தோடு உருவாக்கியது, கட்டடத்தின் எந்தப் பகுதியைப் பற்றி என்ன சொல்கிறது என்று பக்கத்திலேயே குறியுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் மாடலின் ஒவ்வொரு பகுதியும் பின்னால் இந்த எண்களில் ஏதாவது ஒன்றில் போய் நிற்கும்.

தென்னிந்தியக் கட்டடம் என்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் பழைய புகைப்படத் தொகுப்பையும், புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் கோயில் புகைப்படக் காப்பகத்தையும் பார்க்காமல் தொடங்காதீர்கள். லின்னேயஸ் டிரைப் 1858-ல் தஞ்சாவூரையும் மதுரையையும் படமெடுத்தவர். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களை ஒட்டி ஒரே நீளப் படமாக ஆக்கியிருக்கிறார். அத்தகைய படம் ஒன்று கிடைத்தால் கல் வரிசைகளையே எண்ணலாம்.

எழுத்துச் சான்றை வரலாற்று ஆசிரியர்களுக்கானது என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதே கோயிலில் ராஜராஜன் தன் 25-ஆம் ஆட்சியாண்டில் விமானத்தின் உச்சிக்கென்று பொன் வேய்ந்த செப்புக்குடம் கொடுத்த செய்தி எடையோடு கல்வெட்டில் இருக்கிறது. படமே இல்லாத காலத்துப் பொருளின் உலோகமும் பூச்சும் இப்படித் தெரியவருகிறது.

காணாமல்போன கல் வேறெங்காவது இருக்கலாம். கங்கைகொண்ட சோழபுரத்தின் மதில் கற்களை 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்ட எடுத்துப்போனார்கள். உங்கள் கட்டடத்தைச் சுற்றியுள்ள பாலம், படித்துறை, பழைய வீடுகளின் வாசற்படி எல்லாவற்றையும் ஒரு கண் பாருங்கள். அப்புறம், மனிதர்களைக் கேளுங்கள். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1995-ல் தொடங்கிய முயற்சியில், நாஜிகள் அழித்த யூதத் தொழுகைக்கூடங்களை மாணவர்கள் கணினியில் எழுப்பினார்கள். அவற்றை நேரில் பார்த்தவர்களின் நினைவுகளும் அதற்கு உதவின. நினைவில் அளவு தவறும். இருக்கை எந்தப் பக்கம் இருந்தது, ஜன்னல் வழியே என்ன நிற ஒளி விழுந்தது என்பதெல்லாம் அவ்வளவு எளிதில் தவறாது.

ஓவியர்களிடம் மட்டும் கொஞ்சம் சந்தேகம் இருக்கட்டும். வென்செஸ்லாஸ் ஹாலர் 1650-களில் செய்த செதுக்கோவியங்கள்தான் பழைய செயின்ட் பாலுக்கு முக்கியச் சான்று. அவற்றில் ஒன்றில் ஊசிக்கோபுரமும் இருக்கிறது, அது எரிந்து சுமார் நூறு ஆண்டுகள் ஆகியிருந்தும்! அவர் பார்த்து வரைந்தது எது, கேட்டு வரைந்தது எது என்று பிரித்துத்தான் பயன்படுத்த முடியும்.

படி 3: நிற்பதை அளந்துகொள்ளுங்கள்

அனுமதி முதலில். பாதுகாக்கப்பட்ட சின்னமாக இருந்தால் தொல்லியல் துறையிடம், வழிபாடு நடக்கும் இடமாக இருந்தால் நிர்வாகத்திடமும் வழிபடுவோரிடமும், ட்ரோன் பறக்கவிட அதற்குரிய தனி அனுமதி. படமெடுக்கக் கூடாத உள்ளறை இருந்தால் அதை வெற்று வெளியாகவே விட்டுவிடுங்கள். மாடலில் வெறுமையாக ஓர் அறை இருப்பதால் ஒன்றும் குறைந்துவிடாது.

லேசர் ஸ்கேனர் கிடைத்தால் நல்லது. கலை வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ டேலன் 2010-ல் நோத்ர தாமை 50-க்கும் அதிகமான இடங்களில் ஸ்கேனரை நிறுத்தி, நூறு கோடிக்கு மேற்பட்ட புள்ளிகளாகப் பதிவு செய்தார். அவர் 2018-ல் இறந்துவிட்டார், அடுத்த ஆண்டே கூரை எரிந்தது. அந்தப் பதிவு அதன் பிறகுதான் உலகத்துக்கே தெரிந்தது.

ஸ்கேனர் இல்லாவிட்டால் போட்டோகிராமெட்ரி, அதாவது பல கோணங்களில் எடுத்த புகைப்படங்களை இணைத்து 3டி வடிவம் எடுக்கும் முறை. ஒரே குவியத் தூரமுள்ள லென்ஸ், ஜூம் வேண்டாம். லென்ஸின் துளை எஃப்/8 சுமாருக்கு. மேகமூட்டமான நாள். அடுத்தடுத்த படங்கள் 70, 80 சதவீதம் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும். மூலைகளில்தான் பலருக்கும் வேலை கெடுகிறது: ஒரு சுவரிலிருந்து அடுத்த சுவருக்குத் திரும்பும்போது சின்னச் சின்னக் கோண மாற்றத்தில் கூடுதலாகப் படம் எடுக்காவிட்டால், மென்பொருள் இரண்டு சுவர்களையும் இணைக்காது. படங்களை இணைக்க மெஷ்ரூம், கோல்மேப் இரண்டும் இலவசம். மெட்டாஷேப் காசுக்கு. கிடைக்கும் புள்ளிமேகத்தை (கட்டடத்தின் மேற்பரப்பைக் காட்டும் 3டி புள்ளிகளின் தொகுப்பை) பார்க்கவும் ஒப்பிடவும் கிளவுட்கம்பேர் போதும்.

டேப் வைத்து ஏழெட்டு நீளமான தூரங்களை அளந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் மென்பொருளுக்குக் கொடுத்துவிடாதீர்கள். இரண்டை ஒளித்து வைத்து, மாடல் தயாரானதும் அந்த இரண்டையும் அதில் அளந்து பாருங்கள். அங்கே வரும் வித்தியாசம்தான் உங்கள் அளவீட்டின் உண்மையான பிழை.

படி 4: பழைய படத்திலிருந்து அளவை எடுப்பது

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். அடிப்படை எளிது. பழைய படத்தில் தெரியும் பகுதிகளில் சில இன்றும் நிற்கின்றன, அவற்றின் அளவு நம்மிடம் இருக்கிறது. ஆகவே அந்தக் கேமரா எங்கே, எந்தக் கோணத்தில் நின்றது என்று கணக்கிடலாம். கேமராவை அதே இடத்தில் கணினிக்குள் நிறுத்திவிட்டால், மறைந்த பகுதியின் கோடுகளைப் படத்தின் மேலேயே இழுக்கலாம். எஃப்ஸ்பை என்ற இலவச மென்பொருளில் இணையான விளிம்புகளைக் குறித்தால் அது மறையும் புள்ளிகளை (இணைகோடுகள் தூரத்தில் சேர்வதுபோல் தெரியும் இடங்களை) கண்டுபிடித்து, கேமராவை பிளெண்டருக்குள் அனுப்பிவிடும்.

19-ஆம் நூற்றாண்டுப் படங்களில் ஒரு சிக்கல் உண்டு. உயரமான கட்டடத்தை எடுக்கும்போது அன்றைய புகைப்படக்காரர்கள் கேமராவை அண்ணாந்து பிடிக்க மாட்டார்கள். கேமராவை நேராக வைத்துக்கொண்டு லென்ஸை மட்டும் மேலே நகர்த்துவார்கள். அதனால்தான் அந்தப் படங்களில் தூண்கள் சாயாமல் நேராக நிற்கின்றன. ஆனால் படத்தின் நடுப்புள்ளிதான் லென்ஸின் மையம் என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது, இங்கே அது பொய். செங்குத்துக் கோடுகள் இணையாக இருந்தால், கிடைமட்டக் கோடுகளின் மறையும் புள்ளிகளைக் கொண்டு தொடுவானக் கோட்டைப் போடுங்கள். லென்ஸின் மையம் அந்தக் கோட்டின் மேல்தான் இருக்கும். எஃப்ஸ்பையில் இந்த மையத்தை, அதாவது முதன்மைப் புள்ளியை, கையால் வைக்கும் வசதியைத் தேர்ந்தெடுத்து அங்கே நகர்த்துங்கள். ஓரம் வெட்டப்பட்ட படமானால் இடவல நடுவையும் நம்ப முடியாது. முழுப் பிரதி இருக்கிறதா என்று காப்பகத்தில் கேட்டுவிடுங்கள்.

அடுத்த தவறு இன்னும் சாதாரணமாக நடப்பது. ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மண்டபத்தின் முன்வரிசைத் தூண் இன்றும் நிற்கிறது. கேமரா அதற்கு 20 மீட்டர் முன்னால் இருந்தது. இடிந்துபோன விமானம் தூணுக்கு 5 மீட்டர் பின்னால். தூணை அளவுகோலாக வைத்துப் படத்தில் விமானத்தை அளந்தால் 4 மீட்டர் வருகிறது. அதை அப்படியே எழுதிவிடுகிறார்கள். ஆனால் விமானம் கேமராவிலிருந்து 25 மீட்டர் தள்ளி இருந்தது. 4-ஐ 25-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 5 மீட்டர். ஒரு முழு மீட்டர் குறைத்து எழுப்பியிருப்போம்! விமானத்தின் ஆழத்தை எங்கிருந்து எடுப்பது? கருவறைச் சுவர் நிற்கிறதென்றால் அதன் நடுக்கோடுதான் பெரும்பாலும் பதில். சுவரும் இல்லையென்றால் வேறு கோணத்தில் எடுத்த இன்னொரு படம் இல்லாமல் உயரத்தை உறுதியாகச் சொல்லாதீர்கள்.

படங்களின் எண்ணிக்கையைவிடத் தரம் முக்கியம் என்பதற்கு ஆப்கானிஸ்தானின் பாமியான் நல்ல உதாரணம். 2001 மார்ச்சில் தகர்க்கப்பட்ட பெரிய புத்தர் சிலையை ஜூரிக் கூட்டாட்சித் தொழில்நுட்ப நிறுவனத்தினர் மூன்று விதமாக மீட்டுப் பார்த்தார்கள்: இணையத்தில் கிடைத்த படங்கள், சுற்றுலாப் பயணி எடுத்த படங்கள், 1970-ல் அளவீட்டுக்கென்றே எடுத்த மூன்று படங்கள். நம்பகமான மாடலைத் தந்தவை அந்த மூன்று படங்கள்தான்.

செயற்கை நுண்ணறிவு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மங்கலான பழைய படத்தைத் தெளிவாக்கும் கருவி, அங்கே இல்லாத செதுக்கலை உண்டாக்கி வைக்கும். பார்க்க நம்பும்படியாக இருப்பதுதான் ஆபத்தே. அளவெடுக்க மூலப் படத்தை மட்டும் பயன்படுத்துங்கள்.

படி 5: சான்று இல்லாத இடங்கள்

எல்லாத் திசையிலிருந்தும் படம் இருக்கப்போவதில்லை. நிரப்புவதற்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அதே கட்டடம்: வடபுறம் நிற்கிறதென்றால் தென்புறத்துக்கு அதையே பார்க்கலாம், இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்ததற்கு அடித்தளத்தில் தடயம் உண்டா என்று சோதித்த பிறகு. அடுத்து அதே காலத்தில், அதே பகுதியில், அதே மரபினர் கட்டியது. மரபு நூல்கள் கடைசியில்தான். நூல் சொன்னபடியே கட்டிய கட்டடத்தைத் தேடினால் கிடைப்பது அரிது.

கட்டியவர்களின் அளவுகோலைக் கண்டுபிடிப்பது பெரிய உதவி. ரோமானிய அடி சுமார் 29.6 செ.மீ., பழைய பிரெஞ்சு அரச அடி 32.48 செ.மீ. நம் பக்கம் முழமும் அங்குலமும் ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் மாறும். நிற்கும் பகுதிகளில் தூண் இடைவெளி, அதிட்டானத்தின் (அடித்தளத்தின்) உயரம், வாசல் அகலம் எல்லாவற்றையும் வரிசைப்படுத்தி, எந்த எண்ணால் வகுத்தால் முழு எண்கள் வருகின்றன என்று பாருங்கள். அந்த அலகு பிடிபட்டால், பிரஸ்தரம் (சுவருக்கு மேலுள்ள கூரைப் பகுதி), கிரீவம் (கழுத்து), சிகரம் (தலை) என்று மேலே போகும் உறுப்புகளின் உயரத்துக்கு ஓர் எல்லையாவது கிடைக்கும்.

பிறகு கட்டடத்தைக் கட்டடமாகப் பாருங்கள். மழை பெய்தால் தண்ணீர் எங்கே போகும்? உத்தரம் அவ்வளவு தூரம் தாங்குமா? மேல்தளத்து விளக்கை ஏற்றப் போகிறவர் எந்தப் படி வழியாகப் போவார்? கூரைச் சாய்வு பக்கத்துச் சுவரில் விட்டுப்போன தடத்தோடு பொருந்துகிறதா? நூலாதாரம் எல்லாம் சரியாக வைத்துக்கொண்டு தண்ணீருக்கு வழியில்லாத கூரை போடுகிறவர்கள் நிறையப் பேர்.

படி 6: நிறம்

இன்று வெறும் கல்லாக நிற்பவற்றில் பல, ஒரு காலத்தில் சுதை பூசி வண்ணம் தீட்டியவை. பிரான்ஸின் அமியான் பேராலயத்தின் மேற்கு முகப்பை 1990-களில் லேசரால் சுத்தம் செய்தபோது சிற்பங்களில் வண்ணத் தடயங்கள் வெளிப்பட்டன. இப்போது இரவில் ஒளியைப் பாய்ச்சி அந்த வண்ணங்களைக் காட்டுகிறார்கள்.

நிறத்தைத் தொடாமலே தேட வழிகள் உண்டு. மழை படாத உள்மடிப்புகளில், கபோதத்தின் (வெளியே நீண்டு வளைந்த கூரை விளிம்பின்) அடியில், சிற்பத்தின் அக்குளில் பாருங்கள். நல்ல வெளிச்சத்தில் எடுத்த படத்தை இமேஜ்ஜே மென்பொருளின் டிஸ்ட்ரெட்ச் செருகுநிரலில் போட்டால், கண்ணுக்குத் தெரியாமல் மங்கிய காவிகூட எழுந்து வரும். புற ஊதா ஒளியில் சில பூச்சுகள் ஒளிரும். பண்டைய எகிப்திய நீலத்தைக் கண்டுபிடிக்க இன்னும் நேர்த்தியான வழி ஒன்று: அகச்சிவப்பு கலக்காத சாதாரண ஒளியை அதன்மேல் பாய்ச்சினால் அது அகச்சிவப்பில் ஒளிர்கிறது, மாற்றியமைத்த கேமராவில் வெள்ளையாகத் தெரியும். நிறத்தைச் சுரண்டி எடுத்துச் சோதிப்பது மட்டும் உங்கள் வேலை இல்லை, அது பாதுகாப்பு வல்லுநருடையது.

பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து நிறம் ஊகிக்கக் கூடாது. 19-ஆம் நூற்றாண்டின் நெடுங்காலம் வரை புகைப்படத் தாள்களும் தகடுகளும் நீல ஒளியை மட்டுமே நன்றாக உணர்ந்தன. சிவப்பும் மஞ்சளும் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். அந்தப் படத்தில் கறுப்பாக இருக்கும் பட்டை பளீரென்ற காவிப் பட்டையாக இருந்திருக்கலாம். தானாக வண்ணம் சேர்க்கும் செயலிகளுக்கு இந்தக் கணக்கு தெரியாது.

தடயம் ஒரு சதுர அங்குலத்தில் மட்டும் இருக்கும்போது மொத்தச் சுவருக்கும் அந்த நிறத்தை அடித்துவிடலாமா? நான் அடிக்க மாட்டேன். நிறத்தோடு ஒன்று, சாம்பலில் ஒன்று என இரண்டு மாடல் வைத்துக்கொள்வேன்.

படி 7: மாடல் எழுப்புதல்

இவ்வளவுக்குப் பிறகு இது சுலபம். பிளெண்டரில் அளவு மீட்டரில் இருக்கட்டும். கட்டடத்தின் ஒரு மூலையை மையப்புள்ளிக்குக் கொண்டுவாருங்கள். நில அளவை ஆயத்தொலைவுகளை ஆறேழு இலக்கத்தோடு அப்படியே வைத்தால் புள்ளிகள் நடுங்கத் தொடங்கும். முதலில் வெறும் பெட்டிகளாக முழு உருவத்தையும் எழுப்பி, படி 4-ல் நிறுத்திய கேமரா வழியாகப் பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். அது பொருந்தாமல் ஒரு பூவேலைகூடச் செதுக்க வேண்டாம். திரும்பத் திரும்ப வரும் தூண், கூடு (குதிரைலாட வடிவ வளைவு அலங்காரம்), சாலை (நீள்சதுரச் சிறு கோயில் உரு) எல்லாம் ஒருமுறை செய்து நகலெடுக்கலாம். சான்றில் அவற்றுக்குள் வேறுபாடு தெரிந்தால் நகலை நிறுத்திவிடுங்கள். ஒவ்வொரு பகுதியின் பெயரோடும் அதற்குரிய சான்று எண்ணைச் சேர்த்துவிடுங்கள்.

படி 8: உறுதியையும் ஊகத்தையும் பிரித்துக் காட்டுதல்

ஐந்து நிலைகள் போதும். இன்றும் நிற்பது ஒரு நிறம். படத்திலோ அளவு வரைபடத்திலோ நேரடியாகத் தெரிவது இன்னொன்று. அதே கட்டடத்தின் வேறு பகுதியைப் பார்த்துச் செய்தது மூன்றாவது. வேறு கட்டடத்தைப் பார்த்துச் செய்தது நான்காவது. மீதி ஊகம், அதற்குக் கண்ணில் படும் சிவப்பு கொடுங்கள். இந்த வண்ணங்களில் ஒரு படம் எடுத்து, அழகான படத்துக்குப் பக்கத்திலேயே அதே அளவில் வெளியிடுங்கள். தனிப்பக்கத்தில் போட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

முடிவுகளையும் எழுதுங்கள். 'விமானத்தின் மூன்றாம் தளம்: சான்று 14-ல் இடப்பக்கம் மட்டும் தெரிகிறது. வலப்பக்கம் சமச்சீர் என்று கொண்டது. மாற்றுச் சாத்தியம்: கூடு ஒன்று குறைவாக இருந்திருக்கலாம்.' இப்படி நாலு வரி போதும். பாரம்பரியத்தைக் கணினியில் காட்டுவதற்கான லண்டன் சாசனத்தின் 2009 பதிப்பும், தொல்லியலுக்கென அதைத் தொடர்ந்து வந்த செவில்யா நெறிகளும் கேட்பது அடிப்படையில் இதைத்தான். இரண்டு சாத்தியங்களும் சம வலுவோடு இருந்தால் இரண்டையும் செய்து காட்டிவிடுங்கள்.

படி 9: காட்டுவதும் காப்பதும்

வெளியிடும் முன் மூன்று பேரிடம் காட்டுங்கள்: அந்தக் காலத்துக் கட்டடக்கலை தெரிந்த ஒருவர், கல்லோ மரமோ கையால் வேலை செய்யும் ஒருவர், அந்த இடத்தில் வழிபடும் ஒருவர். மூன்றாமவர் சொல்வது மற்ற இருவருக்கும் தோன்றியிருக்காது. எந்தக் கதவு எப்போதும் மூடியிருக்கும், எங்கே யார் நிற்பார்கள் என்று அவருக்குத்தான் தெரியும்.

மாடலிலிருந்து இறுதிப் படம் (ரெண்டர்) எடுக்கும்போது வெயிலை அந்த இடத்தின் அட்சரேகைக்கும் பருவத்துக்கும் சரியாக வையுங்கள். வடக்கு முகத்தில் நாள் முழுக்க வெயில் அடிக்கும் படங்கள் கடக ரேகைக்கு வடக்கே உள்ள கட்டடங்களுக்கே வெளியாகியிருக்கின்றன. சாயங்கால மூடுபனி, பறவைக் கூட்டமெல்லாம் வேண்டாம் என்பது என் கருத்து, குறைகளை மறைக்கத்தான் அவை பெரும்பாலும் உதவுகின்றன.

கோப்புகளைச் சேமிக்கும்போது பிளெண்டர் கோப்பை மட்டும் நம்பாதீர்கள். புள்ளிமேகம் இ57 வடிவில், மாடல் ஜிஎல்டிஎஃப் அல்லது ஓபிஜே வடிவில், படங்கள் டிஃப் வடிவில், விரிதாள் சிஎஸ்வி வடிவில். இவற்றை ஜெனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் போட்டால் நிலையான அடையாள எண் கிடைக்கும். காப்பகங்கள் தந்த படங்களை அங்கே ஏற்ற உரிமை உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். உரிமை இல்லாதவற்றுக்கு அந்தக் காப்பகத்தின் எண்ணை மட்டும் கொடுங்கள். மாடலுக்குப் பதிப்பு எண் போடுங்கள். நாளைக்கே எங்கிருந்தாவது ஒரு பழைய படம் வெளிவந்து, நீங்கள் சிவப்பில் காட்டிய பகுதி தவறென்று தெரியலாம். அப்போது 1.0-வை அழிக்காமல் அப்படியே விட்டு, என்ன மாறியது, எந்தச் சான்றால் மாறியது என்ற குறிப்போடு 1.1-ஐ வெளியிடுங்கள்.